குப்பம் பச்சை

பஞ்சாயத்துத் தீர்மானம் என் கைக்கு வந்தபோது
சுபேதார் கஜபதி போய் நாற்பது நாள்.
ஆறடிக் கல், குப்பம் பச்சை, ஒருபக்கம் மட்டும் பாலிஷ்.
மேலே தெலுங்கு, கீழே தமிழ்.
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
தெலுங்குக்கு வளைவு ஜாஸ்தி, இருபது.

வெட்டச் சொன்னவை:
பிறப்பு. இறப்பு. மெட்ராஸ் சாப்பர்ஸ்.
எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில்
கண்ணிவெடி வயலில் வழி திறந்தவர்.
பதக்கம்.
கடைசிவரை பிரம்மச்சாரியாக நாட்டுக்கே வாழ்ந்தவர்.

பிரம்மச்சாரிக்கு சாக்பீஸ் கோடு போட்டதும்
உளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த வீட்டுக்குத் தரை போட்டவன் நான்.
பதினோரு நாள் வேலை.
விடியற்காலை நான் போகும்போதெல்லாம்
சுபேதார் சாப் ஒரு முட்டி ஊன்றி உட்கார்ந்து
லான்ஸ் நாயக் ஏசுபாதத்தின் ஷூவுக்கு
நாடா கட்டிக்கொண்டிருப்பார்.
இடது ஷூ. உள்ளே ரப்பர் கால்.
"பேர்ல ஒரு பாதம், ஒடம்புல ஒரு பாதம்,
கணக்கு சரியாத்தான் இருக்குது" என்பார் ஏசுபாதம்.

"டைட்டா இருக்கா?"
"ஒரு சுத்து தளத்துங்க."

ரப்பருக்கு என்ன தெரியும் இறுக்கம்?
அவர் தளர்த்துவார்.
நான் சிமெண்டைக் குழைத்துக்கொண்டே இருந்தேன்,
குழைந்த பிறகும்.

குடியாத்தத்திலிருந்து வருஷா வருஷம் பெண் போட்டோ வரும்.
சாப் அதைக் கேன்டீன் சோப்பு இரண்டோடு
மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்.
ரேஷன் கார்டில் அண்ணன், தம்பி.
ஒருவர் நெற்றியில் விபூதி, ஒருவர் கழுத்தில் சிலுவை.
எழுதிய குமாஸ்தா தலை நிமிராமல்
ரம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டான்.

ஊருக்குத் தெரியுமா என்றால்,
கங்கம்மா ஜாத்திரையில் குடித்த ஒருத்தன்
அவர்கள் கேட் முன்னால் நின்று கத்தினான்,
இரண்டு பாஷையிலும்.
எனக்குத் தெரிந்த சொற்களும் அவைதான்.
வேறு சொல் யாரும் என்னிடம் வெட்டக் கொடுத்ததில்லை.

சாயங்காலம் ஏசுபாதம் பட்டறைக்கு வந்தார்.
இடது ஷூவின் நாடா
கட்டாமல் உள்ளே செருகியிருந்தது.
கல்லைத் தடவவில்லை. அழவில்லை.
"இதுல எவ்ளோ மண்ணுக்குள்ள போவும்?"
ஒன்றரை அடி என்றேன்.
"அங்க எழுத்துக்கு என்ன ரேட்?"

சிகரெட் அட்டையில் ஏழு இலக்கம்.
அவருடைய ரெஜிமெண்ட் நம்பர்.
யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"சாப்பர் பொதைக்கலாம் மேஸ்திரி.
குறிக்காம பொதைக்கக் கூடாது.
எந்த மரத்துலருந்து எத்தனை எட்டு, எந்தத் தெசை, எவ்ளோ ஆழம்,
எழுதி வெச்சிட்டுத்தான் எடத்த விட்டு நகரணும்.
இல்லேன்னா பின்னால வர்ற நம்ம ஆளே மிதிப்பான்."
தடியால் இடது காலைத் தட்டினார்.
"இது எதிரி வெச்சதில்ல. நம்ம பக்கம் வெச்சது.
எவனோ எழுதாம வுட்டது."

நூற்று இருபத்தாறு ரூபாய் எண்ணி வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டால் அது தர்மமாகிவிடும்.

பிரம்மச்சாரியை நூல் ஆழத்துக்கு வெட்டினேன்,
பெயிண்ட் உரிந்தால் படிக்க முடியாது.
நம்பரை விரற்கடை ஆழம்.
மூன்று உளி மழுங்கியது.

திறப்பு விழாவில் என்.சி.சி. பையன்கள் பியூகிள் ஊதினார்கள்,
ஒருவன் சுருதி தப்பி.
எம்.எல்.ஏ. மூன்று இடத்தில் கணபதி என்றார்.
ஏசுபாதம் இரண்டாவது வரிசைக் கோடியில்
அம்மியூர்ப் பால்காரர்களுக்கு நடுவே நின்று
சல்யூட் அடித்தார்,
எல்லோரும் கல்லின் முகத்தைப் பார்க்க
அவர் மட்டும் அடியைப் பார்த்து.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.
இருந்தாலும் எழுதி வைக்கிறேன்:

பால் சொசைட்டி எதிரில் புளியமரம்.
அதிலிருந்து வடக்கே ஒன்பது எட்டு.
ஒன்றரை அடி ஆழம்.
பாலிஷ் போடாத பக்கம்.